போன் அலறிய பின் மிஞ்சுவது பத்து நிமிடம்

புயல் என்றால் நமக்குத் தெரியும் என்ற நினைப்போடுதான் நம்மில் பலர் டெக்சஸிலோ ஒக்லஹோமாவிலோ வந்து இறங்குகிறோம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும், அதற்கு ஒரு பெயர் வரும், துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். மெழுகுவத்தியும் பால் பாக்கெட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைத்துவிடும். டொர்னாடோவிடம், அதாவது மேகத்திலிருந்து தரைக்கு இறங்கிச் சுழன்றடிக்கும் காற்றிடம், இது எதுவும் செல்லாது. பெயர் கிடையாது, கூண்டு கிடையாது. எச்சரிக்கை வந்ததிலிருந்து அது வந்து சேரும் வரை ஏறத்தாழ பத்து நிமிடம் கிடைக்கும். சில சமயம் அதுவும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை இருட்டுக் குளியலறையில் தனியாகக் கழித்துவிட்டு, அதன் பின் ஏழு மாதம் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தாலும் பயம் குறைந்திருக்காதுதான். ஆனால் சில ஆயிரம் டாலரும் பல வாரத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். என் கதையை விட்டுவிடுகிறேன். எது எந்த வரிசையில் வரும், எங்கே சறுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். டொர்னாடோ வாட்ச் என்றால் சூழ்நிலை கனிந்திருக்கிறது என்று பொருள். ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் பல கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சேர்த்து, பல மணி நேரத்துக்கு இதை அறிவிக்கும். டொர்னாடோ வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இதை உங்கள் பகுதிக்கான தேசிய வானிலைச் சேவை அலுவலகம் வெளியிடும். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வார்னிங் வந்தபிறகு தயாராகலாம் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. தயாராக வேண்டிய நேரம் வாட்ச். போனை முழுதாக சார்ஜ் செய்வது, காரை உள்ளே விடுவது, ஷூவையும் டார்ச்சையும் ஒதுங்கப்போகும் அறையில் கொண்டுபோய் வைப்பது எல்லாம் அந்த மணிநேரங்களில் முடிந்திருக்க வேண்டும். வார்னிங் வந்தால் நடக்க மட்டும்தான் நேரம் இருக்கும். அதன் வாசகத்தில் ‘டொர்னாடோ எமர்ஜென்சி’ என்று வந்தால், பெரிய சுழல் ஒன்று மக்கள் நிறைந்த இடத்தை நோக்கி வருகிறது என்று பொருள். 1999 மே 3 அன்று ஒக்லஹோமா நகரை நோக்கி வந்த டொர்னாடோவுக்குத்தான் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள்.

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் இருப்பது எந்தக் கவுண்டி? அப்பார்ட்மெண்ட் பெயர், தெரு, பின்கோடு எல்லாம் மனப்பாடமாக இருக்கும். கவுண்டி பெயர் கேட்டால் பலர் விழிப்பார்கள். டிவியிலும் ரேடியோவிலும் எச்சரிக்கையைக் கவுண்டி பெயரை வைத்துத்தான் சொல்வார்கள். டாலஸ் பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃபிரிஸ்கோவை எடுத்துக்கொண்டால், ஊரின் ஒரு பாதி காலின் கவுண்டியில், மறு பாதி டென்டன் கவுண்டியில். உங்கள் கவுண்டி எது, அதற்குத் தென்மேற்கில் இருக்கும் கவுண்டிகள் எவை என்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். தென்மேற்கு ஏன் என்றால், இந்தச் சமவெளியில் இத்தகைய புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத்தான் நகரும். அங்கே வார்னிங் போட்டால் அடுத்தது உங்கள் முறையாக இருக்கலாம்.

எச்சரிக்கை காதில் விழுவதற்கு ஒரே வழியை நம்பாதீர்கள். ஊர் சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் மூடிய வீட்டுக்குள், மழைச் சத்தத்தில், தூக்கத்தில் அது கேட்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பல ஊர்களில் ஆபத்து நீங்கியதற்கென்று தனி சைரனும் ஊதமாட்டார்கள். அதனால் சைரன் நின்றுவிட்டது என்பதற்காக வெளியே வரக்கூடாது. போனில் வரும் அவசர எச்சரிக்கை நல்லதுதான், ஆனால் தொந்தரவாக இருக்கிறதென்று செட்டிங்ஸில் அணைத்து வைத்தவர்கள் ஏராளம். இன்றே திறந்து பாருங்கள். அதற்கும் மேலே, படுக்கை அறையில் ஒரு வானிலை ரேடியோ வேண்டும். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் தேசிய வானிலைச் சேவை ஒலிபரப்புகிறது. ரேடியோவில் உங்கள் கவுண்டியின் ஆறு இலக்கக் குறியீட்டை ஏற்றிவிட்டால் அந்தக் கவுண்டிக்கு மட்டும் அலறும். காலினுக்கு 048085, டென்டனுக்கு 048121. குறியீடு ஏற்றாமல் விட்டால் சுற்றுவட்டார எச்சரிக்கைக்கெல்லாம் கத்தும். இரண்டாம் நாளே பிளக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். பேட்டரி போட மறக்கவே கூடாது, ஏனென்றால் கரண்ட் முதலில் போய்விடும். வழக்கமாகப் புதன்கிழமை பகலில் சோதனை ஒலி வரும். அது வராத வாரம் ஏதோ கோளாறு என்று எடுத்துப் பாருங்கள்.

இரவுக்காகத்தான் இவ்வளவும். 2020 மார்ச் 3, டென்னசி மாநிலத்தின் புட்னம் கவுண்டியில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் வந்த டொர்னாடோவில் 19 பேர் இறந்தார்கள். எல்லோரும் தூங்கும் நேரம். டொர்னாடோ என்றால் வசந்த காலம்தானே என்ற நினைப்பும் வேண்டாம். டாலஸ் பக்கம் கார்லாண்டில் 2015 டிசம்பர் 26 மாலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. வடக்கு டாலஸைக் கிழித்துப் போனது 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில். அதில் உயிர்ச்சேதம் இல்லாதது பெரும் பேறு. பகலில் வந்தாலும் சினிமாவில் பார்ப்பது போல் மெல்லிய தும்பிக்கை தொங்கும் என்று காத்திருக்க வேண்டாம். பல சமயம் மழைத் திரைக்குள் மறைந்தே வரும். மேகத்தின் அடியில் ஒரு துண்டு மட்டும் கீழிறங்கிச் சுழல்வது, ஆலங்கட்டி கொட்டி முடிந்ததும் காற்று சட்டென்று திசை மாறுவது, இரவானால் தரையை ஒட்டி நீலப்பச்சையாகப் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வருவது, இவைதான் அடையாளம். அந்த வெளிச்சம் மின்னல் இல்லை. கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் அறுந்து வெடிப்பது. சுழல் இடமோ வலமோ நகராமல் நின்ற இடத்திலேயே பெருத்துக்கொண்டு போவது போலத் தெரிந்தால், அது உங்களை நோக்கி நேராக வருகிறது. ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

எங்கே ஒதுங்குவது என்பதற்கு வீடு எப்படி உடைகிறது என்று தெரிய வேண்டும். ஊரில் நாம் பார்த்த செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் இங்கே கிடையாது. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்து, வெளியே ஒற்றை வரிசைச் செங்கல்லை அழகுக்கு நிறுத்தியிருப்பார்கள். இந்த வீட்டில் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் கராஜ் கதவு. அகலமானது, மெல்லியது. அது உள்வாங்கியதும் காற்று புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். கூரை போனால் வெளிச்சுவர்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, அவை சரியும். கடைசிவரை நிற்க வாய்ப்புள்ளது வீட்டின் நடுவில், நான்கு பக்கமும் வேறு அறைகள் சூழ்ந்த சின்ன அறை. அதனால்தான் தரைத்தளம், நடுவீடு, ஜன்னல் இல்லாத அறை என்று சொல்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி அறை, உள்பக்கக் குளியலறை எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் பழைய யோசனை முழுத் தவறு. திறந்த ஜன்னல் காற்றுக்கு வாசலைத் திறந்துவிடுவதுதான். கராஜ் கதவின் பலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒக்லஹோமாவின் மூர் நகரில் 2013 மே 20 அன்று வந்த, டொர்னாடோ அளவுகோலில் உச்சமான இஎஃப் 5 வகை டொர்னாடோ 24 உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அந்த நகரம் புது வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும், கராஜ் கதவும் காற்றைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும் என்று கட்டட விதியை மாற்றியது.

அப்பார்ட்மெண்டில் மூன்றாவது மாடி என்றால் நிலைமை வேறு. உங்கள் வீட்டுக்குள் எந்த அறையும் போதாது. கீழ்த்தள வீட்டுக்காரரிடம் இப்போதே போய்க் கதவைத் தட்டி, அப்படி ஒரு நேரம் வந்தால் உங்கள் குளியலறைக்கு வரலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நள்ளிரவில் முகம் தெரியாதவர் கதவைத் தட்டுவது இந்த நாட்டில் அதைவிடச் சங்கடம். மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தும் லேசான வீடு) இருப்பவர்கள் வார்னிங் வரும்வரை காத்திருக்கவே கூடாது. வாட்ச் நேரத்திலேயே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒதுங்கும்போது கால்களில் ஷூ இருக்க வேண்டும். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்து பழகிய நமக்கு இது தோன்றவே தோன்றாது. புயல் போனதும் வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகளுக்கும் ஆணிகளுக்கும் நடுவில் நிற்பீர்கள். தலையில் சைக்கிள் ஹெல்மெட், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. மேலே மெத்தையோ கனமான போர்வையோ. டொர்னாடோவில் ஆளை அடிப்பது காற்றைவிட அது சுமந்து வரும் பலகையும் செங்கல்லும்தான். கழுத்தில் ஒரு விசில் மாட்டிக்கொள்ளுங்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து மணிக்கணக்கில் கத்த முடியாது, ஊத முடியும்.

காரில் இருந்தால் தேர்வுகள் குறைவு. தூரத்தில் தெரிந்து, சாலை காலியாக இருந்தால், அது போகும் பாதைக்குச் செங்குத்தாக விலகிப் போகலாம். இல்லையென்றால் அருகிலிருக்கும் பெரிய கடைக்குள் புகுந்து, நடுவில் இருக்கும் கழிவறைக்குப் போய்விடுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். 1991-ல் கன்சாஸில் பாலத்தடியில் ஒளிந்து தப்பியவர்களின் வீடியோ பரவி, அது பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கை வளர்ந்துவிட்டது. 1999 மே 3-ல் ஒக்லஹோமாவில் மூன்று வெவ்வேறு பாலங்களுக்கு அடியில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும். வீட்டை விட்டுக் காரில் ஊரைத் தாண்டி ஓடுவதும் விபரீதம். 2013 மே 31, ஒக்லஹோமாவின் எல் ரெனோவில் 2.6 மைல் அகலத்துக்கு டொர்னாடோ வந்த மாலையில், அப்படிக் கிளம்பியவர்களால் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன.

அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். முதலில் கரண்ட் போகும். ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் நின்றதும் வரும் அமைதிதான் முதல் பயம். பிறகு காது அடைக்கும், விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல. ரயில் சத்தம் என்று சொல்வார்கள். சரியான ஒப்புமைதான், ஆனால் ரயில் தண்டவாளத்தோடு போய்விடும், இது சுவர் வழியாக உள்ளே வரும். தரை அதிரும். கதவைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் கதவு மூச்சு விடுவதுபோல உள்ளேயும் வெளியேயும் அசைவது விரலில் தெரியும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் கைகள் நடுங்கும், அழுகை வரும், சிலருக்கு வாந்தி வரும். உடம்பு அப்படித்தான் செய்யும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்ய வேண்டும். பச்சை மரம் பிளந்த வாடை இருக்கும், அது பரவாயில்லை. எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், லைட்டர் பற்றவைக்காமல் வெளியேறிவிடுங்கள். அறுந்த கம்பி எதுவானாலும் உயிருள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரிலும் கால் வைக்காதீர்கள். கூரைக்குள்ளிருந்த இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சு ஈரத்தோடு சுவர், துணி, தலைமுடி எல்லாவற்றிலும் அப்பியிருக்கும். அதைத் தேய்க்கக்கூடாது, தேய்த்தால் தோலில் ஏறி நாள்கணக்கில் அரிக்கும். தண்ணீர் விட்டு அலசுங்கள். ஆணி குத்தினால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். கராஜுக்குள் ஓட்டினால் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். உறவினர்களுக்கு போன் செய்து கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம், குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் அது போய்ச் சேரும். பின்னாலேயே இரண்டாவது புயல் வருகிறதா என்று ரேடியோவைக் கேளுங்கள்.

இனி பணம். காற்று ஓய்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நீண்ட வேதனை அதன் பிறகுதான் இருந்தது. எதையும் ஒழுங்குபடுத்துவதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலிருந்தும், பிறகு ஒவ்வொரு பொருளும், மாடல் எண்ணோடு. அடுத்ததாகக் கூரை ஓட்டையைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மேலும் சேதமாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பாலிசியில் இருக்கும். விட்டுவிட்டு மறு மழையில் நனைந்தால் அந்தச் சேதத்துக்குப் பணம் தர மறுக்கலாம். தார்ப்பாய் ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு டிடக்டிபிள், அதாவது சேதத்தில் காப்பீடு தராமல் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு. சாதாரண விபத்துக்கு ஆயிரம் டாலர் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்போம். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி வரி இருக்கும், அதில் தொகை இருக்காது, விழுக்காடு இருக்கும். அது சேதத் தொகையில் விழுக்காடு இல்லை, வீட்டின் காப்பீட்டு மதிப்பில். மூன்று லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் இரண்டு விழுக்காடு என்றால் 6,000 டாலர் உங்கள் கையிலிருந்து.

அடுத்தது தேய்மானம். புதுக் கூரைக்கு 20,000 ஆகும், உங்கள் கூரை பாதி ஆயுள் ஓடியது என்று வையுங்கள். முதல் காசோலையில் 10,000 தேய்மானத்தையும் 6,000 டிடக்டிபிளையும் கழித்துக்கொண்டு 4,000 அனுப்புவார்கள். என் முதல் காசோலையைப் பார்த்தபோது ஏமாற்றப்பட்டேன் என்றுதான் நினைத்தேன், வயிறு எரிந்தது. உண்மையில், முழு மாற்றுச் செலவைத் தரும் பாலிசியாக இருந்தால் வேலையை முடித்து ரசீது கொடுத்தபின் அந்தப் பத்தாயிரத்தைத் தருவார்கள். ஆனால் அதற்குக் கெடு உண்டு, பாலிசிக்குப் பாலிசி மாறும். முதல் நாளே அந்தத் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூரைக்கு மட்டும் தேய்மானம் போக மீதிதான் என்று எழுதிய பாலிசியாக இருந்தால் அந்தப் பணம் எப்போதும் வராது. இன்னொன்று, வீட்டுக்கடன் இருந்தால் காசோலை உங்கள் பெயரிலும் கடன் கொடுத்த வங்கியின் பெயரிலும் சேர்ந்து வரும். வங்கி கையெழுத்துப் போட்டு, பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வேலை முடிய முடியத் தவணையாக விடும். வாரங்கள் இதில்தான் கரையும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரே வரி: வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும்தான், உங்கள் லேப்டாப்புக்கும் கட்டிலுக்கும் தனி ரென்டர்ஸ் பாலிசி வேண்டும். காருக்கு காம்ப்ரிஹென்சிவ் (இயற்கைச் சேதம் போன்றவற்றுக்கான காப்பீடு) இல்லையென்றால் ஆலங்கட்டிச் சொட்டைக்கும் உடைந்த கண்ணாடிக்கும் ஒரு காசு வராது. பழைய கார்தானே என்று லயபிலிட்டி (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள் கவனியுங்கள்.

மறுநாள் காலையிலேயே கூரை வேலைக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். மனசு உடைந்திருக்கும் நேரம், யார் அன்பாகப் பேசினாலும் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். காப்பீட்டு உரிமையை அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் தாளில் போடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவரை அனுப்பிவிடுங்கள். டிடக்டிபிளை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கட்ட வேண்டாம் என்பவர் உங்களையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டுகிறார். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் அது சட்டவிரோதம்.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் நேரடிப் பண உதவி குடியுரிமை பெற்றவர்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற சில வகையினருக்கும்தான். ஹெச்-1பி வேலை விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ இருப்பவர்களுக்குக் கிடையாது. ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். பலருக்கு இது தெரியாமல் கெடு தாண்டிவிடுகிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாமில் தங்க விசா நிலையைக் கேட்கமாட்டார்கள். பாஸ்போர்ட், ஐ-797, ஐ-20 போன்ற விசா தாள்கள், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு ஒதுங்கும் அறையிலேயே வையுங்கள். ஸ்கேன் செய்த பிரதி ஒன்று இணையத்தில், ஒன்று ஊரில் அப்பா அம்மாவிடம் இருக்கட்டும். ஏழு மாதத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது உடைந்த கூரை இல்லை, நனைந்து மையழிந்த ஒரு தாள்.

அதன் பிறகு பல மாதங்களுக்கு, குப்பை லாரி தெருவில் திரும்பும் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும். குழந்தைகள் வானம் கறுத்தாலே ஷூவைத் தேடுவார்கள். தேடட்டும், தடுக்காதீர்கள், வானிலை ரேடியோவை அவர்கள் கையில் கொடுத்து எப்படி வேலை செய்கிறது என்று காட்டினால் பயம் மெல்ல வழிக்கு வரும். சொந்த வீடு வாங்கினால் கராஜ் தரைக்கு அடியிலோ உள்ளேயோ இரும்புப் பாதுகாப்பு அறை ஒன்றை வைத்துவிடுங்கள் என்பேன். ஃபெமாவின் பி-361 வழிகாட்டுதல்படி, புயல் பாதுகாப்பு அறைகளுக்கான ஐசிசி 500 தரத்தில் சோதித்ததா என்று கேளுங்கள். 15 பவுண்டு மரச்சட்டத்தைக் கதவின் மேல் மணிக்கு 100 மைல் வேகத்தில் எய்து பார்க்கும் சோதனை அது. சுவர் மட்டும் தேறினால் போதாது, கதவும் தாழ்ப்பாளும் சேர்ந்து தேற வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவின் மேல் இடிபாடு விழுந்தால் உள்ளிருந்து தள்ள முடியாது. அதற்காகவே உள்ளே ஒரு ஜாக்கி கம்பி வையுங்கள். அறை எங்கே இருக்கிறது என்று நகர நிர்வாகத்தில் பதிவு செய்யும் வசதி பல ஊர்களில் உண்டு. பதிந்திருந்தால், வீடு இருந்த இடமே அடையாளம் தெரியாமல் போனாலும், மீட்புக்கு வருபவர்கள் எந்த மூலையில் தோண்ட வேண்டும் என்று தெரிந்தே வருவார்கள்.